ஆறு தட்டு, ஒன்று குறைய

"பள்ளிக்கூடத்தையே முடிக்கல, நீ எப்படிம்மா எண்ணுவ?" என்று போன வருடம் வெண்டல் நோரீனிடம் கேட்டார். ஏரிக்கரைப் பூங்காவில் பறவை பார்க்க வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பறவைக் கணக்கு எழுதும் பலகை அவர் மடியைவிட்டு இறங்காது.

நோரீன் பதினைந்து வயதிலிருந்து பேக்கரியில் வேலை பார்க்கிறாள். ஒரு தட்டுக்கு இருபத்துநாலு பன். அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும்போதே ஒன்று குறைந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். எண்ணுவதெல்லாம் கிடையாது.

இந்த வருடமும் மே மாதக் கடைசி வாரம் வந்தது. வளைந்த மூக்குள்ள விம்பிரல் பறவைகள் வடக்கே பனிக்கரைக்குப் போகும் வழியில் ஒன்டாரியோ ஏரியைத் தாண்டுவது அந்தச் சில காலைகளில்தான். விடிந்து அரைமணி ஆகியிருக்கும். தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய கூட்டம் வந்தது. எல்லோரும் எழுந்து நிற்பதற்குள் கரைமுனையைத் தாண்டி மறைந்தது.

"தொண்ணூறு," என்றார் வெண்டல்.

நோரீன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்ணெதிரே போன ஐம்பத்து மூன்று பறவைகள் தாளில் இல்லாமல் போவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நூத்தி நாப்பத்தி மூணு சார்."

"அந்த மூணு யாரு, உன் சொந்தக்காரங்களா?"

இரண்டு கணக்கு ஒத்துவராவிட்டால் குறைந்ததைத்தான் எழுதுவார்கள், அது அங்கே வழக்கம். தொண்ணூறு ஏறியது.

"பக்கத்துப் பூங்காவுல கேளுங்க சார்," என்றாள். "நான் சொன்னது தப்புன்னா நாளைலேர்ந்து இங்க வரல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வருடம் முழுக்க அவள் காத்திருப்பதே இந்தச் சில காலைகளுக்குத்தான்.

கூட்டம் அடுத்த பூங்காவுக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம் பிடிக்கும். அங்கே கேமராவோடு நிற்கிற கிரெட்டா, எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாக எண்ணிவிட்டு ஃபோன் செய்தாள். வெண்டல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணு. ரெண்டு தடவ எண்ணிட்டேன். உங்க தாள்ல எவ்வளவு வெண்டல்?"

வெண்டல் ரப்பரைத் தேடி எடுத்து, அழித்து, எழுதினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நூற்று நாற்பத்து மூன்றையும் தானே ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து ஓட்டிவந்ததுபோல நோரீன் நிமிர்ந்து நின்றாள்.

"எப்படி எண்ணுன?" என்றார் வெண்டல். பழைய கேள்விதான். இந்தத் தடவை தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஆறு தட்டு, ஒரு பன் குறைய. அவ்வளவுதான் அவள் பார்த்தது. எல்லோருக்குமாக அவள் கொண்டுவந்திருந்த இருபத்துநாலு பன் தட்டு பெஞ்சில் யாரும் தொடாமல் இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். தட்டைத் தூக்கி அவர் மடியில், பலகையின் மேலேயே வைத்தாள். ஏழு மணிக்கு வேலை. பன்னைக் கடித்தபடி சைக்கிளில் ஏறிப் போனாள்.