ஜோடி கட்டிய வியாழன்

காலை ஒன்பது மணிக்கே இரண்டு பேரும் முன்னறையில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா ஜன்னலோர நாற்காலியில், மடியில் நேற்றைய செய்தித்தாள். என் மகள் ஃப்ரேயா வாசலுக்குப் போகிற வழியில் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டு. அவளைத் தாண்டாமல் அப்பா வெளியே போக முடியாது. அப்பா கண்ணில் படாமல் அவள் தெருவில் இறங்க முடியாது. நான் தோசைபோல் மெல்லிய ஓட்கேக்கில் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டி, ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டை வாங்கும்போதுகூட ஒருவர் மேல் ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அப்பா எழுந்து நடைவண்டியைப் பிடித்தால் போதும், தரையிலிருந்து குரல் வரும்.

"எங்க தாத்தா கிளம்பிட்டீங்க?"

"ஒண்ணுக்குப் போறேன். கூட வர்றியா?"

இதுதான் என் விடுமுறை நாள். நான் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தை ஓட்டுச்சாவடி ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு லீவு, எனக்கும் லீவு. லீவாம்! முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடலாம், இந்த இரண்டு பேரை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க முடியாது. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஃப்ரேயாவுக்கு இருபத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. அதை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குப் போகிறாள், வரும் சனிக்கிழமை விமானம். கடைசி மாதத்தை எங்களோடு இருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தவள், வந்த முதல் ஞாயிறே நாட்டைத் திருத்தக் கிளம்பிவிட்டாள். பதினாறு வயதில் ஓட்டு வேண்டும், பிரபுக்கள் சபையை இழுத்து மூட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நாட்டில் இன்னும் எழுதாமலே கிடக்கும் அரசியல் சட்டத்தைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். அப்பா டயர் தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருந்தவர். பாராளுமன்ற ஒளிபரப்பை மற்றவர்கள் நாடகத் தொடர் பார்ப்பதுபோலப் பார்க்கிறவர். சும்மா இருப்பாரா?

"எழுதி வெச்ச நாடெல்லாம் என்னத்த வாழுதாம்? இங்க வார்த்தைக்கு மரியாதை இருக்கு. கை குடுத்தா குடுத்ததுதான்."

"நீங்கல்லாம் ஓட்டுப் போட்டுத்தான் எனக்குப் பதினாறு வயசா இருக்கும்போது நாட்டையே ஐரோப்பாக் கூட்டமைப்ப விட்டு வெளிய கூட்டிட்டு வந்தீங்க. என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

"நாட்ட விட்டே போறவளுக்கு எதுக்குடி இந்த ஊரு ஓட்டு?"

"உலகத்த விட்டே போறவருக்கு மட்டும் எதுக்கு?"

சொன்ன மறுநொடியே அவள் முகம் வெளுத்துவிட்டது. வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியுமா? அப்பா முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் ஓசைப்படாமல் வைத்தார், எழுந்தார், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரே கூரையின் கீழ் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பாவுக்கு அறைக்கே தட்டு போனது. அவள் குளியலறையிலிருந்து வந்தால் இவர் கதவு சாத்திக்கொள்ளும். எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்கு எண்பத்திரண்டு. அவள் போகிற இடம் பூமியின் அடுத்த பக்கம். இந்த மௌனத்தோடே அவள் விமானம் ஏறினால், அப்புறம் பேச ஆள் இருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? இதை இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். "அவங்க முதல்ல பேசட்டும்" என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பிடிவாதத்தில் மட்டும் ரத்தபாசம் பொங்கி வழிகிறது.

போன ஞாயிறு எனக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். பாராளுமன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு, அப்பாதான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இந்தக் கட்சி உறுப்பினர் ஒருவர் உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றால், எதிர்க்கட்சியில் ஒருவர் அவரோடு ஜோடி கட்டிக்கொண்டு தானும் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார். இரண்டும் கழிந்துபோகும். சட்டத்தில் கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. நான் இருவரையும் கூடத்துக்கு இழுத்து வந்து நிறுத்திச் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சிக்குப் போட்டாலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், போடலைன்னாலும் அதே கணக்குதான். வியாழக்கிழமை ரெண்டு பேரும் போகாதீங்க. வீட்டுல ஒண்ணா உக்காருங்க. போதும் இந்தக் கூத்து."

ஃப்ரேயா தோளைக் குலுக்கினாள். பிறகு தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். அப்பா உடனே கை கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமினார், ஏதோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அப்புறம் கொடுத்தார்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாமா தாத்தா?" என்றாள் அவள், வேண்டுமென்றே.

"எதுக்கு? என் வார்த்தை போதாதா?"

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்த சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

அதனால் இந்த வியாழன். மதியத்துக்குள் காவல் தளர்ந்துவிட்டது. ஃப்ரேயா தரையிலிருந்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சீட்டுக்கட்டு வந்தது. அப்பா ஆட்டத்துக்கு ஆட்டம் கள்ளக்கணக்கு எழுதினார், அவள் கையைப் பிடித்துத் திருத்தினாள்.

"ஏய், நீ போற நியூசிலாந்துலயும் அரசியல் சட்டத்த ஒரே புத்தகமா எழுதி வைக்கலையாம், தெரியுமா?"

"சும்மா அளக்காதீங்க."

"போன்ல பாரு."

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். அடுப்படியில் நின்றுகொண்டு நானும் சிரித்தேன். அப்பாடா, ஒரு வழியாகக் கரையேறினோம் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு வாசல்மணி அடித்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாலின். அப்பாவின் கட்சிக்காரி, சட்டையில் கட்சி நிறத்தில் சாப்பாட்டுத் தட்டளவு ரிப்பன் பூ. ஓட்டு நாளில் அவள் வீடு வீடாகப் போய், போடாதவர்களைக் காரில் அள்ளிக்கொண்டு போவாள். நான் கதவைப் பாதி திறந்து நின்றேன்.

"லொரைன் கண்ணு, நீ போட்டாச்சா? அப்பாவ நான் தொந்தரவு பண்ணல. அவர்தான் போன வாரமே தபால்ல அனுப்பிட்டாரே. தங்கமான மனுஷன், கேக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவார்."

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவுக்குத் தபால் ஓட்டு. அதற்கு விண்ணப்பம் வாங்கி வந்ததே நான்தான்! எப்படி மறந்தேன்? மறந்தது நான், சரி. இவருக்குமா மறந்தது?

மாத்திரை நேரம் என்று சொல்லி அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பாலின் வந்துட்டுப் போனா."

அவர் நடைவண்டியின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்ப்பா? அனுப்பிட்டேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சொல்லியிருந்தா இன்னிக்கு என் பக்கத்துல உக்காந்திருப்பாளா?" குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை போயிடுவா லொரைன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் கேட்டேன். ஒரு ஓட்டுல என்ன கவுந்துடப் போகுது?"

"இத்தன வருஷமா எங்களுக்கு நேர்மாறாச் சொல்லிச் சொல்லித்தானே வளத்தீங்க!"

"கத்தாத. அவ காதுல விழும்."

கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சொன்னால், இந்தப் பகல் நேரச் சிரிப்பெல்லாம் போச்சு, சனிக்கிழமை பெட்டியோடு மௌனமும் போகும். சொல்லாவிட்டால், என் மகள் ஓட்டை நானே திருடி அடுப்படியில் ஒளித்து வைத்த மாதிரி. இன்னொரு வழியும் தோன்றியது. நான் இன்னும் போடவில்லை. பேசாமல் போய் அவள் கட்சிக்குப் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாருக்கும் தெரியாது. அப்போது என் ஓட்டு? எனக்கும் ஒரு கருத்து இருக்கும் என்று இந்த வீட்டில் யாருக்காவது இதுவரை தோன்றியிருக்கிறதா? அப்பாவின் தவறுக்கும் மகளின் கோபத்துக்கும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே என் ஆயுள் போய்விட்டது. அதில் ஓட்டுச் சீட்டின் இந்த ஒரு கட்டமும் போக வேண்டுமா? சீ!

தேநீர்க் கோப்பைகளோடு முன்னறைக்குப் போனேன். சொல்லக் கூடாது என்ற முடிவோடுதான் போனேன், அது சத்தியம். ஃப்ரேயா சீட்டைக் கலைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பல வருடமாகப் பார்க்காத பிள்ளை முகம்.

"அம்மா, நீ சொன்னது சரிதான் போல. எழுதி வைக்காமலே சில விஷயம் நடக்கத்தான் செய்யுது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கோப்பையை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "தாத்தா போன வாரமே தபால்ல போட்டுட்டார். இப்பதான் எனக்குத் தெரியும். சாவடி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும்."

அவள் சீட்டுகளைக் கீழே வைத்தாள். பின்னால் கதவருகே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமா தாத்தா?"

"ஆமா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "இதுக்குத்தான் எழுதி வைக்கச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எழுந்து, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அப்பா அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "சந்தோஷமா உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

ஐந்தரை ஆனது. ஆறரை ஆனது. பள்ளிக்கூடம் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. ஓட்டுச் சீட்டில் ஒரு பெருக்கல் குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். வெயில் இன்னும் கூரைகளின் மேல் கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் இரண்டு கட்சிக்காரர்கள் ரிப்பன் பூவோடு ஒரே பொட்டலத்திலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஓட்டுப்போட வந்தவர் நாயைக் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போயிருந்தார். அந்த நாய்க்குப் பக்கத்தில், குட்டைச் சுவரில், ஃப்ரேயா உட்கார்ந்திருந்தாள்.

"போட்டியா?"

"இல்ல. அடையாள அட்டை எதுவும் எடுத்துட்டு வரல."

"வீடு மூணு நிமிஷ நடை. வந்து எடுத்துட்டுப் போறதுக்கென்ன?"

"தெரியும்." நாயின் காதை நீவினாள். "நான் கை குடுத்தேனேம்மா."

எனக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அவர்தான் முறிச்சிட்டாரே! எழுந்து போடி! நாட்டையே மாத்தப் போறேன்னு ஒரு மாசமா உயிர எடுத்தியே, போய்ப் போடு!" என்று கத்தினேன். பிஸ்கட் தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் முறிச்சா நானும் முறிக்கணுமா?"

"அப்புறம் எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்க?"

"வேற எங்க போறதுன்னு தெரியல."

இவளோடு நான் என்ன செய்வது? உள்ளே போனேன். ஓட்டுச் சீட்டை வாங்கினேன். நான் தினமும் தட்டு வைக்கும் அதே கூடம்தான், மேசைகளை மடக்கி மறைப்புத் தட்டிகள் வைத்திருந்தார்கள். கயிற்றில் கட்டின பென்சிலை எடுத்து, யாருக்காகவும் இல்லாமல், எனக்குப் பட்ட பெயருக்கு எதிரே குறி போட்டேன். யாருக்கு என்று இரண்டு பேரிடமும் சாகும்வரை சொல்லப்போவதில்லை. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்பா வந்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தெருமுனைவரை அவர் தனியாக நடந்ததே இல்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். சட்டை முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் நடைவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கையில், அடையாளம் காட்ட, ஃப்ரேயா வீட்டிலேயே விட்டு வந்த பாஸ்போர்ட். உள்ளே சனிக்கிழமை விமானத்தின் சீட்டு செருகியிருந்தது, அதன் நுனி வெளியே தெரிந்தது.

"உள்ள போய்ப் போட்டுட்டு வா. எனக்கு எதிரா போடு."

"மாட்டேன்."

"போடுன்னு சொல்றேன்ல!"

"கை குடுத்தா குடுத்ததுதான் தாத்தா."

அப்பா நீட்டிய கையைக் கீழே இறக்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு, அந்தச் சின்னப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுப்போட வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.