மூன்றாம் மிதவையில் ஏழு மணி நேரம்

கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆறு இரும்பு மிதவைகள் நங்கூரமிட்டு நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். அலை தூக்கி இறக்கும்போது உள்ளே பிஸ்டன் எண்ணெயை அழுத்தும். எண்ணெய் மோட்டாரைச் சுழற்றும். மின்சாரம் கடலடிக் கேபிள் வழியாகக் கரைக்குப் போகும். மூன்றாம் மிதவை மட்டும் இரண்டு நாளாக ஒன்றும் தரவில்லை. அதைப் பார்க்கத்தான் காலை எட்டு மணிக்கு ஃபிட்டரைப் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

கூட வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் கால் வைப்பதற்குள் கடல் கொந்தளித்துவிட்டது. மோதினால் படகு சுக்குநூறாகிவிடும் என்று படகோட்டி விலகினார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரைக்கே திரும்பிவிட்டார். ஃபிட்டர் மிதவைக்குள் இறங்கி மூடியை உள்ளிருந்து திருகிச் சாத்தினார். காற்றுக்குழாய் இருந்ததால் மூச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஏணிக்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும்புத் தரையில் உட்கார்ந்தார்.

வயர்லெஸ்ஸில் கண்ட்ரோல் ரூம் பெண் கூப்பிட்டாள். மூன்று வருடமாகக் கேட்ட குரல், முகம் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் கடல் தணிந்துவிடும் என்று சொன்னாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்டுல யாருக்குச் சொல்லணும், அண்ணா? சொல்லியே ஆகணும்னு ரூல் இருக்கு."

ஃபிட்டருக்கு வயது நாற்பத்தாறு, தனிக்கட்டை. மேல்மாடியில் ஒற்றை அறை, பூட்டினால் பூட்டியபடி கிடக்கும். யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அக்காவின் நம்பரைச் சொன்னார். தாயில்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் பேசி முடித்த பெண்ணைக் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே கிளம்பியவர் அவர். அன்றோடு பேச்சு நின்றது. பதினெட்டு வருடம். ஆனாலும் நம்பர் மட்டும் மறக்கவில்லை.

யாரும் எடுக்கவில்லை என்று கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பரவாயில்லை, விடுங்க என்றார்.

சும்மா உட்கார்ந்தால் குமட்டியது. உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? பிஸ்டனைப் பூட்டிவிட்டு எண்ணெய்க் குழாயைத் தடவிப் பார்த்தார். ஒரு இணைப்பில் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. ஐந்து நிமிட வேலை. ஒரு கை கம்பியை விடவில்லை என்பதால் இரண்டு மணி நேரம் பிடித்தது. குறைந்த எண்ணெயை ஊற்றினார். பூட்டை எடுத்ததும் பிஸ்டன் முனகிக்கொண்டே ஓடத் தொடங்கியது. அலையின் பலத்தில் ஒரு பங்கை எண்ணெய் வாங்கிக்கொள்ள, ஆட்டமும் கொஞ்சம் தணிந்தது.

"மூணாம் நம்பர் கரண்டு குடுக்குதே. உள்ள உக்காந்து கையால சுத்துறீங்களா?" என்று கேட்டாள் அவள். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஒரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள்.

"உங்க அக்கா ஃபோனை எடுத்துட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன்."

ஃபிட்டர் வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்புறம், அவனுக்குப் பஸ்ஸுல போனாலே வாந்தி வரும், பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். தப்பாண்ணா?"

தப்பில்லை என்றார்.

மூன்று மணிக்குப் படகு வந்தது. கரையில் மேனேஜர் கைகொடுத்தார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நன்றி சொல்லலாம் என்று கண்ட்ரோல் ரூமுக்குப் போனால், அந்த நாற்காலியில் வேறொருவர். அவள் ஷிப்ட் முடிந்து போய்விட்டாளாம்.

அறைக்கு வந்து குளித்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தார்.

"கரைக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேன்க்கா."

"சரி."

வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்க இவருக்கும் துணிவில்லை. அக்காவின் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் ஃபோனில் கேட்டது. பிறகு இவர் ஃபோனை வைத்தார்.

மறுநாள் ஓய்வெடுக்கச் சொல்லி லீவு கொடுத்திருந்தார்கள். பத்து மணிவரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கே போவதென்று தெரியாமல், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கே போய்விட்டார்.