ஒதுக்கி வைத்த மெஷின்

மைக்கின் ஒயரை அவள் பிடுங்கிவிட்டாள்.

முடிவை அறிவிக்க வாயைத் திறந்திருந்த தேர்தல் அதிகாரி திறந்த வாயோடு நின்றார், சத்தம் வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் ஒயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மெஷின் பாக்கி இருக்கிறது, அதை எண்ணாமல் இங்கே யாரும் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது என்றாள்.

குரலில் பதற்றம் இருந்தாலும் பழக்கமும் இருந்தது. மற்ற நாட்களில் அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். கன்னம் வீங்கி, உயிர் போகிறது என்று அலறுகிறவர்களையே 'உக்காருங்க, கூப்பிடுவாங்க' என்று அடக்கி உட்காரவைப்பவள். இன்று அண்ணனின் தலைமை ஏஜெண்ட்.

அண்ணனை ஊரே வெல்டர் என்றுதான் கூப்பிடும். போஸ்டரில்கூடப் பெயர் பொடி எழுத்திலும் 'வெல்டர்' கொட்டை எழுத்திலும் இருந்தது. மூன்று முறை தொடர்ந்து ஜெயித்த குடோன்காரரை எதிர்த்து நிற்கக் கட்சியில் ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தபோது, தானாகப் போய்க் கழுத்தை நீட்டினார். காரணம் ஒன்றே ஒன்று, அவர்கள் தெரு.

குடோன்களுக்குப் பின்னால் இருநூறு வீடுகள். லாரி வந்துபோகப் பாதை வேண்டும் என்று குடோன்காரர் அந்தத் தெருவையே கேட்டிருந்தார். காலி செய்யச் சொல்லிக் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. வெல்டர் ஜெயித்தால் தெரு நிற்கும். தோற்றால் புல்டோசர் வரும், போகிற இடம் அவரவர் பாடு. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குத்தான் அங்கே இது தெரியாது.

காலையில் ஓட்டு எண்ண ஆரம்பித்தபோது வெல்டரின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ கொண்டுவந்தவர் இவர்களுடைய மேஜையைத் தாண்டியே போனார். மத்தியானத்துக்கு மேல் ஆட்டம் மாறியது. ஆயிரக்கணக்கில் இருந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று கரைந்து, கடைசிச் சுற்று முடிந்தபோது வெல்டர் இருபத்தெட்டே ஓட்டுப் பின்னால் இருந்தார். டீ தானாக வந்தது, பிஸ்கட்டோடு. நிருபர்கள் அவருடைய உண்மைப் பெயர் என்ன என்று விசாரித்தார்கள்.

அப்போதுதான் குடோன்காரரின் வக்கீல் அதிகாரியின் காதில் ஏதோ சொல்ல, அவர் மைக்கை எடுத்தார். அவள் ஓடினாள்.

பாக்கி நின்ற மெஷின் அவர்கள் தெருவினுடையது. காலையில் எடுத்த எடுப்பிலேயே அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். வந்து ஓட்டுப் போட்டவர்களைவிட மெஷின் காட்டிய எண்ணிக்கை ஐம்பது கூடுதல். வேறு ஒன்றுமில்லை. ஓட்டுப்பதிவு அன்று விடியற்காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மெஷினைச் சோதிப்பதற்காக ஐம்பது பொய் ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு அவற்றை அழித்துவிட்டு நிஜ ஓட்டை ஆரம்பிக்க வேண்டும். சாவடி அதிகாரி அழிக்க மறந்துவிட்டார்.

மறக்கவைத்தது யார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவள் அவள். வெளியே தெருவே திரண்டு நின்றிருந்தது. அத்தனையும் அண்ணன் ஓட்டு. வெயில் ஏறினால் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களோ என்ற பயத்தில், 'சீக்கிரம் ஆரம்பிங்க சார், வயசானவங்க நிக்கிறாங்க' என்று அந்த மனிதரை விரட்டு விரட்டென்று விரட்டினாள். அவரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

நல்லவேளையாக இன்னொரு வழி இருந்தது. பட்டனை அழுத்தும்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு தெரிந்து பெட்டிக்குள் விழுகிறதே, அது. சோதனைச் சீட்டுகளை அன்றைக்கே ஞாபகமாக எடுத்துத் தனியாக வைத்திருந்தார்கள். பெட்டியில் இருப்பது அசல் மட்டும். ஒதுக்கிய மெஷினில் இருக்கும் ஓட்டைவிட ஜெயிக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் அந்தச் சீட்டுகளைக் கையால் எண்ணியே ஆக வேண்டும். அதுதான் சட்டம். அவள் அதை அதிகாரியிடம் ஒப்பிக்காத குறையாகச் சொன்னாள்.

வக்கீல் விடவில்லை. கோளாறான மெஷின் கோளாறானதுதான், ஒதுக்கினது ஒதுக்கினதுதான் என்று மேஜையைத் தட்டினார். அவளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது எந்த டாக்டர் என்றும் ஒரு குத்தல்.

"உங்களுக்கு வாய் ரொம்ப வலிக்குது போல சார். நாளைக்கு வாங்க, முதல் டோக்கன் உங்களுக்கு."

போலீஸ்காரரில் ஒருவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். வக்கீல் மேலும் கத்த வாயெடுத்தபோது, பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த குடோன்காரர் கையை மட்டும் உயர்த்தினார்.

"எண்ணட்டும் விடுய்யா."

வக்கீலுக்கே அது புரியவில்லை. மூன்று முறை ஜெயித்த திமிர் என்று அவள் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சோபாவே முள்ளாகக் குத்தப்போகிறது என்றும் நினைத்தாள்.

அண்ணனிடம் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். காலையிலிருந்து அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். வித்தியாசம் குறையக் குறையக் கட்சிக்காரர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். அவர் முகமோ வெளிறிக்கொண்டே போனது. இருபத்தெட்டு என்று கேட்டபோது இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நாள் முழுக்க அவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றுதான், நம்ம தெரு மெஷின் எங்கே என்று. அதை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "என்ன ஆனாலும் அதை எண்ண வெச்சிடு பாப்பா. மத்தது எப்படி வேணா போகட்டும்" என்றிருந்தார். அந்த வார்த்தைக்காகத்தான் ஒயரையே பிடுங்கினாள்.

"எண்ணப்போறாங்கண்ணே. நம்ம தெரு நம்மள விட்டுடுமா?"

அவர் இன்னொரு பாட்டில் தண்ணீரைத் திறந்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் திறந்தார்கள். புறாக்கூடு மாதிரி அறைகள் வைத்த ஒரு மரப்பலகை, வேட்பாளருக்கு ஒரு அறை. எண்ணுகிற அம்மாள் சீட்டை ஒவ்வொன்றாக எடுத்து, வலையோரம் காட்டி, அதற்குரிய அறையில் போட்டார். முதல் சீட்டு குடோன்காரருக்கு. எந்தத் தெருவிலும் ஒரு கருங்காலி இருப்பான் என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்ததும் அவருக்கே. அதற்கடுத்ததும். பக்கத்துச் சந்து ஓட்டாக இருக்கும், அடியில் நம்முடையது இருக்கும் என்று வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

நேரம் போகப் போகக் குடோன்காரரின் அறை பிதுங்கியது. எடுத்துக் கட்டுப்போட்டார்கள், மறுபடி நிறைந்தது. வெல்டரின் அறையில் எப்போதாவது ஒன்று விழுந்தது. ஒவ்வொரு சீட்டும் விழும்போது அவள் மனதில் ஒரு வீட்டுக் கதவு திறந்து மூடியது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து இவள் கன்னத்தை வழித்த இட்லிக்கடை அத்தை, கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போன பேப்பர்கார மாமா, அண்ணன் காசு வாங்காமல் கேட் அடித்துக் கொடுத்த அத்தனை வீடுகள். அவர்களில் யாரோ சிலர் இல்லை, எல்லாருமே.

கடைசிச் சீட்டும் எடுத்தாயிற்று. அண்ணனுக்கு விழுந்ததை ஒரு உள்ளங்கையில் மூடிவிடலாம். அதில் ஒன்று அவளுடையது. அந்தத் தெரு அவள் நம்பிய மாதிரி போட்டிருந்தால் அண்ணன் சில நூறு ஓட்டில் ஜெயித்திருப்பார். இப்போது சில நூறு ஓட்டில் தோற்றார்.

மைக் வேலை செய்தது. வெளியே வெடிச் சத்தம் கேட்டது. குடோன்காரர் மாலையோடு அவர்களைக் கடந்து போகையில் ஒரு நொடி நின்றார். எண்ணினதைத் தானும் பார்த்ததாக வெல்டரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். எகத்தாளம்தான், வேறென்ன என்று அவள் பல்லைக் கடித்தாள்.

வாசலுக்குப் போகும் நடையில் அவளையும் அண்ணனையும் தவிர யாரும் இல்லை. அடக்கிவைத்ததெல்லாம் அங்கே வெடித்தது. நன்றிகெட்ட தெரு, எவ்வளவு வாங்கிக்கொண்டு விற்றார்களோ, இன்றைக்கே போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் பார் என்று குமுறினாள். புல்டோசர் வரட்டும், வந்து அத்தனையையும் மண்ணோடு மண்ணாக்கட்டும் என்றாள்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாத."

"எப்படிண்ணே உன்னால முடியுது? நாளு பூரா அந்த மெஷினையே நம்பி உக்காந்திருந்தியே."

"நம்பித்தான் உக்காந்திருந்தேன்." அவர் சுவரில் சாய்ந்தார். "ஓட்டுக்கு முந்தின நாள் குடோன்காரரைப் போய்ப் பார்த்தேன். எப்படியும் நான் தோத்துடுவேன், தெருவும் போயிடும், அதுக்கு அப்புறம் இந்த ஜனம் எங்க போகும்? பைபாஸுக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிப் போட்டிருக்கிற வீடுங்களையாவது குடுங்கன்னு கேட்டேன். 'உங்க சாவடி மொத்தமா எனக்கு விழுந்திருக்கணும், எண்ணும்போது நான் பார்ப்பேன், அப்ப சாவி தரேன்'னு சொன்னார். அதை எண்ணாம விட்டிருந்தா வீடும் கிடையாது பாப்பா."

அவள் திரும்பி, சீட்டு எண்ணிய அறையின் கதவைப் பார்த்தாள்.

"உனக்குச் சொன்னா நீ சம்மதிக்க மாட்டே. அதான் நம்ம வீட்டுல மட்டும் சொல்லல. மத்த வீடெல்லாம் நானே ஏறி இறங்கி, எனக்குப் போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். இட்லிக்கடை அத்தை முடியவே முடியாதுன்னு அழுதாங்க. சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தேன்."

வெளியே மறுபடி வெடித்தது. அவர் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"தெருவைத் தாண்டி இத்தனை பேர் எனக்குப் போடுவாங்கன்னு யார் கண்டா? இருபதாயிரத்துல தோப்பேன்னுதான் நெனச்சேன்."