நாலு மூலையும் தெரிகிற வண்டி

கண் டாக்டர் பூப்போலத்தான் சொன்னார். பூவால் அடித்தாலும் அடி அடிதானே.

“நேரா பார்க்கிறது நல்லாவே இருக்கும்மா. ரெண்டு ஓரமும்தான் குறைஞ்சுக்கிட்டே வருது. மருந்து போட்டா இதோட நிறுத்திடலாம். படிங்க, சமைங்க, எங்க வேணாலும் போயிட்டு வாங்க. வண்டி ஓட்டுறது மட்டும் இனிமே வேண்டாம்.”

“சரிங்க டாக்டர்,” என்று எழுந்துவிட்டாள் வேன்காரம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவருக்குத்தான் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் சொந்த வேன் அவளுடையது. முட்டுச்சந்துக்குள் பிள்ளையை இறக்கிவிட்டு, திரும்ப இடமில்லாமல் தெருமுனை வரைக்கும் ரிவர்ஸிலேயே வருவாள். ஒரு பூந்தொட்டியில்கூடப் படாது. அடுத்த வாரமே வேனை இன்னொரு வேன்காரருக்கு விற்றுவிட்டாள். சாவியைக் கொடுக்கும்போது, “செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதட்டாதீங்க, கொஞ்சுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அவள் கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரிலுள்ள பல் கிளினிக்குகள் நோயாளியின் வாயை அச்செடுத்துத் தரும். அவர் அதற்குப் பொருந்துகிற மாதிரி பல் செட் செய்து கொடுப்பார். அச்சுகளை வாங்கி வருவதும், செய்து முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் இத்தனை வருஷமும் வேனில்தான் நடந்தது. வேன் போனதும் வாடகை வண்டிக்காரர்களிடம் கொடுத்தனுப்பிப் பார்த்தார். ஒரு கிளினிக்கின் அச்சு இன்னொரு கிளினிக்குக்குப் போனது. இன்னொரு அச்சு வந்து சேர்ந்தபோது, அதை டப்பாவிலிருந்து கொட்டத்தான் முடிந்தது, எடுக்க முடியவில்லை.

அதைவிட வீட்டில் ஒன்று அவரை உறுத்தியது. வேன்காரம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள் சும்மா உட்கார்ந்தால் அதைப் பார்க்கச் சகிக்காது. காலையில் பிள்ளைகளைக் கூப்பிடப் போகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, உடுத்திக்கொண்டு, ஜன்னலோரத்தில் போய் நிற்பாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

“ஒரு கார் வாங்கலாம்மா. நான் ஓட்டுறேன்.”

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “யாரு?”

“நான்தான்.”

“ஏங்க, நீங்க சைக்கிள்ல போனாலே எதிர்ல நாய் வந்தா இறங்கி நின்னுடுவீங்களே.”

“நாய்க்குப் பிரேக் கிடையாதே,” என்றார் அவர்.

உரிமம் என்னவோ அவரிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் எடுத்தது. அதன்பிறகு அடையாள அட்டையாகத்தான் பயன்பட்டது. எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவரை யாரும் இடித்ததில்லை. அவரும் யாரையும் இடித்ததில்லை. இடிக்கிற அளவுக்கு எங்கே ஓட்டினார்? ஒரு பல் முடியளவு உயர்ந்திருந்தால்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடுவார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், இடது பக்கத்தில் கார் எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது என்று விளங்காது. மறுபடியும் பழகிக்கொள்ள அவள் டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பினாள். சொல்லிக் கொடுத்தவர் கடைசி நாளில், “சார், உங்களுக்கு ஓட்டத் தெரியுது. ஓட்டத் தெரியுதுங்கிற விஷயம்தான் உங்களுக்குத் தெரியல,” என்று சொல்லி அனுப்பினார்.

கார் வாங்கப்போகிற செய்தி முதலில் எட்டியது மச்சினனுக்கு. வேன்காரம்மாவின் தம்பி. கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற தொழில். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். மறுநாளே தன்னுடைய யானை மாதிரிக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

“மாமா, பயப்படுறவங்க பெரிய வண்டிதான் வாங்கணும். இது மாதிரி. எங்க போய் இடிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“இடிபட்டவனுக்கு, மாப்ளே?”

“அவனைப் பத்தி நமக்கென்ன?”

“இடிக்கப் போறது நானாச்சே. எனக்கு அவனைப் பத்தித்தான் பயம்.”

இருந்தாலும் மச்சினன் மனம் நோகக்கூடாதென்று ஏறி உட்கார்ந்தார். மாடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. எதிர்வீட்டு வாசல் தெரியவில்லை. வேன்காரம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் வைத்தாள்.

“வாளி தெரியுதா?”

“எந்த வாளி?”

“இறங்குங்க,” என்றாள்.

அடுத்து, புதுக் கார் ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைப் பையன் நல்ல பிள்ளை, அன்பாகத்தான் பேசினான். அவர் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஏதோ ஒன்று பீப் பீப் என்றது. பெல்ட் போடச் சொல்கிறது என்றான். போட்டார். வேறொன்று பீப் என்றது. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்கிறது என்றான். நின்றவன் அவன்தான்.

“சார், நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம். எது தப்பாப் போனாலும் வண்டியே கத்திடும்.”

“அதுக்கு முன்னாடி நான் கத்திடுவேன் தம்பி,” என்று இறங்கிவிட்டார். வெளியே வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பளபளப்பைப் பார்த்தியா? முதல் கீறல் விழுற வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது. விழுந்தப்புறம் அழுகை வரும். எதுக்கு வம்பு?”

அப்படியானால் பழைய கார்தான் என்று முடிவானது. இந்த இடத்தில் வேன்காரம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. யார் யாருக்கோ போன் போட்டாள், விசாரித்தாள். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கி, “கியர் போடாம தானாவே ஓடுற கார் இருக்காமே, ஆட்டோமேட்டிக்...” என்று இழுத்தார். “அது கண்காட்சியில காசு போட்டா ஆடுற குதிரை. அதை ஓட்டுறதுக்கு நீங்க எதுக்கு?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அத்தோடு அவர் வாய் மூடிக்கொண்டது.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவருடைய காரைப் பிடித்தாள். கியர் வண்டி. அவள் முதன்முதலில் ஓட்டிப் பழகிய காரின் அதே ரகம். பானட்டைத் திறந்து, இன்ஜின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டவள் முகத்தில், அந்தக் கண் டாக்டர் அறைக்குப் பிறகு அவர் பார்க்காத ஒரு மலர்ச்சி. அதற்காகவே அந்தக் காரை வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“ஓட்டிப் பாருங்க சார்,” என்று கடைக்காரர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வேன்காரம்மா முன்னால், பக்கத்தில். தெருக்களில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். பாலத்து ஏற்றத்தில்தான் வந்தது வினை. பாதி ஏற்றத்தில் முன்னால் போன வண்டிகள் நின்றன, இவரும் நிறுத்தினார். மறுபடி நகர்ந்தபோது கிளட்ச்சை விட்டார், கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. ஸ்டார்ட் செய்தார். அணைந்தது. பின்னால் ஒரு லாரி. லாரிக்குப் பின்னால் ஊரே நின்று ஹாரன் அடித்தது. கார் சாணளவு பின்னால் சறுக்கியது. வேன்காரம்மா எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். நடுரோட்டில் நின்றார்.

“என்னால முடியாதும்மா.”

அவள் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, சாவியில் கை வைத்தாள். எல்லாம் ஒரு நொடிக்குள். கை தானாகச் செய்கிற வேலை. அப்போது இடது பக்கமாக ஒரு சைக்கிள்காரர் காரை ஒட்டிக்கொண்டு ஏறிப் போனார். முன் கண்ணாடிக்கு நேரே அவர் வந்த பிறகுதான் அவள் பார்த்தாள். திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

சாவியில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹாரன்கள் கத்திக்கொண்டே இருந்தன. கணவர் திறந்த கதவைப் பிடித்தபடி, அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் ஓட்டட்டுமாம்மா?” பின் சீட்டிலிருந்து கடைக்காரர் கேட்டார்.

“வேண்டாம்ங்க. இவர் ஓட்டுவார்,” என்று இறங்கினாள். “உட்காருங்க. அவசரமே இல்ல. ஹாரன் அவங்களுது, அடிச்சுக்கட்டும். கார்தான் நம்மகிட்ட இருக்கு. கிளட்ச்சைப் பாதி விடுங்க... நடுங்குதா? அப்படியே வைங்க. இப்போ ஹேண்ட் பிரேக்.”

கார் ஏறியது. எப்படி ஏறியது என்று அவருக்கு நினைவில்லை. லாரிக்காரர் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். நல்லவேளை, கண்ணாடி ஏற்றியிருந்தது.

காரைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து திரும்பினார்கள். தெருமுனை வந்ததும், “அந்தக் கார் வேண்டாம்,” என்றாள்.

“உனக்குப் பிடிச்சிருந்ததே.”

“அதான் வேண்டாங்கிறேன். இத்தனை நாளா நான் எனக்கு வண்டி பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்.” கொஞ்சம் நின்றாள். “உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க. நான் நடுவுல பேசல.”

அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. யோசித்தார்.

“நாலு மூலையும் தெரியணும். நான் எங்க முடியிறேன்னு எனக்குத் தெரியணும். கண்ணாடி பெரிசா இருக்கணும். வண்டி சின்னதா இருக்கணும். ஏற்கெனவே ஒரு கீறல் விழுந்திருந்தா நல்லது.” கடைசியில் குரலைத் தாழ்த்தி, “அந்த ஆடுற குதிரை...” என்றார்.

அவள் சிரித்தாள். “சரி. குதிரையே பார்க்கலாம்.”

பியூட்டி பார்லர் நடத்துகிற ஒருத்தியிடம் அது கிடைத்தது. அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. பெரிய காருக்கு மாறிக்கொண்டிருந்தாள். பெட்டி மாதிரி சதுரமான ஆட்டோமேட்டிக். பூசணிப்பழ நிறம். அந்த நிறத்தைப் பார்த்தே நாலைந்து பேர் திரும்பிப் போய்விட்டார்களாம். பின் பம்பரில் ஒரு நீளக் கீறல்.

“அது நான் கேட்டுல உரசினதுங்க. பெயிண்ட் அடிச்சுத் தரவா?” என்றாள் பார்லர்காரி.

“ஐயையோ, அது இருக்கட்டும்,” என்றார் அவர் அவசரமாக.

உள்ளே உட்கார்ந்தார். முன்னால் இரண்டு முனையும் தெரிந்தன. திரும்பினால் பின்னால் இரண்டு முனையும் தெரிந்தன. ஒரு பல் செட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிற மாதிரி முழுக் காரும் கைக்குள் இருந்தது. வேன்காரம்மா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள்.

“நீ இறங்கிக்கோம்மா.”

“என்னது?”

“நீ பக்கத்துல இருந்தா நான் ரோட்டைப் பார்க்கிறதில்ல, உன் காலைத்தான் பார்க்கிறேன். இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றே. நீ மிதிக்கிறப்பல்லாம் நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு ஆயிடுது.”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வலது கால் முன்னால் நீண்டு, விரல்கள் ஊன்றியபடி இருந்தன. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

அவர் மட்டும் போனார். முதல் திருப்பம் வரைக்கும் மூச்சு விட்டாரா என்பது சந்தேகம். அடுத்த திருப்பத்தில் ஒரு வயதானவர் தெருவைக் கடந்தார், நிறுத்தினார், கார் சாதுவாக நின்றது, கியரைத் தேடக் கை போனது, தேட ஒன்றுமில்லை. மறுபடி பிரேக்கை விட்டதும் தானாக நகர்ந்தது. ஒரு மைதானத்தைச் சுற்றினார். யாரோ பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், ஓரம் கொடுத்தார், போனார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதானா இது என்று நினைத்தபோது, தான் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். பட்டறையில் வேலை நன்றாக அமைகிற நாளில் மட்டும் வருகிற பழக்கம் அது.

திரும்பி வந்தபோது பார்லர்காரி வாசலில் ஒரு குழந்தையைத் தோளில் போட்டு நின்றாள். இன்னொன்று வேன்காரம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்கங்க போனீங்க இவ்வளவு நேரம்? தெருவைச் சுத்திட்டு வர்றேன்னுதானே போனீங்க?”

“வலது பக்கம் திரும்பப் பயமா இருந்துச்சு. இடது பக்கமாவே திரும்பித் திரும்பி வந்தேன். நடுவுல ஒரு தெருவை அடைச்சு வேலை செய்யிறாங்க. அதனால சந்தை, பஸ் ஸ்டாண்ட் எல்லாத்தையும் சுத்தி வரும்படி ஆயிடுச்சு.”

“பஸ் ஸ்டாண்ட் வழியாவா?” வேன்காரம்மாவின் குரல் தாழ்ந்தது. “அங்க நானே யோசிச்சுத்தான் போவேன்.”

“அது பஸ் ஸ்டாண்டுன்னு தாண்டின பிறகுதான் தெரிஞ்சுது,” என்றார்.

காரை வாங்கினார்கள். மச்சினன் வந்து பார்த்து, “என்ன மாமா, காய்கறிக் கடை வைக்கப் போறீங்களா?” என்று கேட்டான். “நிறுத்தின இடத்துல கண்டுபிடிக்கச் சுலபம், மாப்ளே,” என்றார். வலது பக்கம் திரும்ப அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. எந்தெந்தக் கிளினிக்குக்கு எந்த வழியாகப் போனால் வலது திருப்பமே வராது என்று வேன்காரம்மா ஒவ்வொரு நாளும் வாய்ப்பாடாகச் சொல்லி அனுப்புவாள். பிறகு ஒரு திருப்பத்தைச் சேர்த்தாள். பிறகு இன்னொன்று. ஊரின் சந்துகள் எல்லாம் அவளுக்குள்ளேயே இருந்தன. கண் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. விஷயம் பரவி, முன்பு அவளோடு வேன் ஓட்டியவர்களும் வழி கேட்டு அவளுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். காலையில் ஜன்னலோரம் நிற்க அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம், இரண்டு பேருமாகக் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள். பார்வை போன தடவை பார்த்த அளவிலேயே நிற்கிறது, மேலும் குறையவில்லை என்றிருந்தார் டாக்டர். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் வைப்பர் தட்டித் தட்டித் துடைத்தது. அவர் மெதுவாக ஓட்டினார். எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். “இந்த மழையில எதுக்கு இப்படிப் பறக்கிறாங்க?” என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பிப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. ஓட்டும்போது அவர் ரோட்டை மட்டும்தான் பார்ப்பார். வீட்டு வாசலில் நிறுத்தி, அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் திரும்பினார்.

அவள் தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். வழியில் எங்கே தூங்கிப்போனாளோ.

எழுப்பக் கையை நீட்டியவர், இழுத்துக்கொண்டார். மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.