டிரம்ப் கார்டில் உத்தரவு கேட்டவர்

குழந்தைசாமிக்கு ஜோசியம் என்றாலே ஆகாது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அவர் ஊரில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். குழந்தைசாமி அதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லி, ஜாதகம்கூடப் பார்க்காமல், வேண்டுமென்றே ராகு காலத்தில் விஜயலக்ஷ்மிக்குத் தாலி கட்டியவர். டெல்லிக்கு வந்து லோதி ரோட்டில் அரசாங்க ஆபீசில் சேர்ந்த பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை. பக்கத்து மேஜை ராமமூர்த்தி சனிக்கிழமைகளில் ஜோசியரைத் தேடிப் போவதை வைத்து, டீ நேரத்தில் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர், தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பீரோவைத் திறந்து, ஜட்டி போட்ட மல்யுத்தக்காரர்களிடம் நாள் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கார்டுகள் அவருடைய மகள் அகல்யாவுடையவை. பபிள்கம் வாங்கினால் பாக்கெட்டுக்கு ஒன்றாக வரும் டிரம்ப் கார்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தடியன் முறைத்துக்கொண்டு நிற்பான். கீழே அவன் உயரம், எடை, மார்பளவு, கடைசியில் ரேங்க். குவார்ட்டர்ஸ் பார்க்கில் உட்கார்ந்து பையன்களிடமிருந்து விளையாடி ஜெயித்தே ஒரு முழுக் கட்டு சேர்த்து வைத்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தபோது குழந்தைசாமி அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். குரங்கு மூஞ்சிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மார்க் எங்கிருந்து வரும் என்று அவர் போட்ட சத்தம் மாடிவீட்டுப் பஞ்சாபிகளுக்கே கேட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் சட்டை எடுக்கும்போது கட்டு கையில் தட்டுப்பட்டது. சும்மா கலைத்து ஒன்றை உருவினார். முதல் ரேங்க் வந்தது. அன்றைக்குப் பார்த்து, வருஷக்கணக்காக இழுத்தடித்த பிரமோஷன் ஆர்டர் வந்து சேர்ந்தது. மறுநாள் சிரித்துக்கொண்டேதான் உருவினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, உருவுவது நிற்கவில்லை. மேலான ரேங்க் வந்தால் நல்ல நாள். அடி ரேங்க் வந்தால் அன்றைக்கு எந்த ஃபைலையும் அதிகாரி மேஜைக்கு அனுப்ப மாட்டார். எல்லாவற்றிலும் கடைசி ரேங்க், முகமெல்லாம் நீலச் சாயம் பூசிய ஒருவன். அவன் வந்த நாட்களில் வயிறு சரியில்லை என்று லீவே போட்டிருக்கிறார்.

இதை நினைத்தால் அவருக்கே கூசும். ராமமூர்த்திக்குத் தெரிந்தால் தூக்கு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைப்பார். ஆனாலும் பார்க்காமல் வீட்டுப் படி இறங்க முடியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

அந்த ஆறுதலிலும் ஓர் ஓட்டை இருந்தது. படுக்கையறை ஜன்னலில் கூலர் வைத்திருந்தார்கள். அது ஓடினால் கார்டுகள் பறக்கும். அதனால் கலைப்பதற்கு முன்னால் கூலரை நிறுத்துவார். லாரி மாதிரி இரைந்துகொண்டிருந்த கூலர் காலையில் திடீரென்று அடங்கி, சாத்திய கதவுக்குள்ளிருந்து சீட்டு கலைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் விஜயலக்ஷ்மி மகளைப் பார்ப்பாள். அகல்யா தட்டைப் பார்ப்பாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் அவர் மானம் போய்விடும் என்று இருவருக்கும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதம் அகல்யாவுக்கு அகமதாபாத்தில் ஒரு டிசைன் காலேஜில் இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வு எழுதி, இன்டர்வியூவுக்குப் போய், தானே சம்பாதித்த இடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு அதைத் தவிர வேறெதிலும் மனசு இல்லை. குழந்தைசாமிக்கோ, மகள் பாஷை தெரியாத ஊரில் ஹாஸ்டலில் கிடப்பாள் என்பதை நினைத்தாலே ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. யோசிக்கணும் என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார்.

அன்று புதன்கிழமை. மத்தியானம் விஜயலக்ஷ்மி மகளிடம் மெதுவாகச் சொன்னாள். "அவரு என்னத்தைக் கண்ணு யோசிப்பாரு. சீட்டுல வந்தா விடுவாரு. வராட்டி விடமாட்டாரு."

அகல்யா பீரோ சாவியைக் கேட்டாள். விஜயலக்ஷ்மி எதற்கென்று கேட்காமல் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மாடிவீட்டுச் சிநேகிதியிடம் டூப்ளிகேட் கார்டுகள் நிறைய இருந்தன. அகல்யா சீட்டுக் கட்டிலிருந்து கெட்ட ரேங்க் எல்லாவற்றையும் உருவித் தன் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தை நல்ல ரேங்க் டூப்ளிகேட்டுகளால் நிரப்பி, கனம் குறையாமல் ரப்பர் பேண்ட் போட்டு இருந்த இடத்தில் வைத்தாள். அப்பாவை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் இதைத் தவிர அவரிடம் பேச வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கூலர் நின்றது.

குழந்தைசாமி கண்ணை மூடிக்கொண்டு, ஊரில் அம்மா செய்வது போலவே மாரியம்மனை நினைத்துக்கொண்டார். ஒன்றை உருவினார். முதல் ரேங்க். ஊரிலும் ஒரு தடவையோடு விடமாட்டார்களே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, திரும்பக் கலைத்து உருவினார். நான்காம் ரேங்க். மறுபடி உருவினார். மறுபடியும் அந்த முதல் ரேங்க்காரனே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை முறைத்தான். அனுப்பு என்று இதற்குமேல் யார் வந்து சொல்ல வேண்டும். வேர்வை முதுகில் வழிந்தது. கார்டுகளைக் கட்டி உள்ளே வைத்தார். கூலரைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

விஜயலக்ஷ்மி தட்டில் தோசையைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவளுக்குத் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும். உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்தக் கூச்சத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"உத்தரவு ஆகலை விஜயா. நானும் மனசார மூணு தடவ பாத்துட்டேன். மூணு தடவையும் அந்த நீல மூஞ்சிக்காரன்தான் வர்றான். நா என்ன பண்ணட்டும்?"

சமையலறை வாசலில் அகல்யா நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை. அவள் உள்ளே போய் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். கெட்ட ரேங்க் அத்தனையும் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே நீல மூஞ்சிக்காரன் இருந்தான்.

"இவன் என்கிட்டதாம்பா இருக்கான். புதன்கிழமையில இருந்து."

குழந்தைசாமி தோசையைப் பிட்டார், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கோபப்பட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தேடினார். பீரோவை எப்படித் திறந்தாய் என்று கேட்கலாம், அப்பனையே ஏமாற்றுகிறாயா என்று கேட்கலாம். எதைக் கேட்டாலும் கடைசியில் தன் பொய்யில்தான் போய் நிற்கும் என்று தெரிந்தது. சீட்டை நம்பியதுகூட இப்போது பெரிய வெட்கமாகத் தெரியவில்லை. நம்பியிருந்தால் அனுப்பியிருப்பாரே.

அகல்யா அழவில்லை. படுக்கையறைக்குப் போய்ச் சீட்டுக் கட்டை எடுத்து வந்தாள். டூப்ளிகேட்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பாக்ஸிலிருந்த கார்டுகளைத் திரும்பச் சேர்த்தாள். பழகின கை, சரசரவென்று கலைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் பண்ணதும் தப்புதாம்பா. சாரி. இப்ப எல்லாம் இருக்கு. நீங்க திரும்பப் பாருங்க. என்ன வந்தாலும் நான் கேக்கறேன்."

அவள் குரலில் கேலி ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பிழைக்க வழி கிடைத்திருக்கும். அவள் படுக்கையறைக்குள் போய், சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, தினமும் செய்கிற ஒரு வேலையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"கூலரை நிறுத்தட்டுமாப்பா?"

குழந்தைசாமி தலை நிமிரவில்லை. இத்தனை நாளும் இவள் இதே தட்டில் குனிந்து, கூலர் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தான் கதவைச் சாத்திய அழகு அவருக்கு நினைவு வந்தது.

"வேண்டாங் கண்ணு, ஓடட்டும்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சீட்டு போகத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் பயம்."

அகல்யா சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒருக்களித்திருந்த கதவை அகலத் திறந்தாள். கூலர் காற்று கூடத்துக்கு வந்தது. மேஜைமேல் இருந்த கார்டுகள் ஒவ்வொன்றாக நழுவித் தரையில் விழுந்தன, அவர் அவற்றைப் பிடிக்கவில்லை.