சின்னச்சாமியின் இடது கை

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. என் மச்சினருக்குத் துணையாக மதுரையில் ஒரு டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நோயாளி கேள்வி கேட்க, டெக்னீசியன் பதில் ஒப்பித்துக்கொண்டிருந்தார். விடுவேனா?

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வைகைக் கரையில் அந்தி சாய்கிற வேளையில் ரூத்..."

அடித்துவிட்டேன். அந்த வார்டில் ஜன்னலே கிடையாது. அந்தி எங்கே போய்ச் சாயும்?

2

ரூத் டிப்ளமோ படித்த டயாலிசிஸ் டெக்னீசியன். டிகிரி இருந்தால்தான் இன்சார்ஜ் ஆகலாம் என்று ஆன்லைனில் பி.எஸ்சி. சேர்ந்தார். ஆனையூர் வீட்டில் பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம். அதனால் வேலைக்கு நடுவே வார்டிலேயே போனில் பாடத்தை ஓடவிட்டார். நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடக்கும் நோயாளிகளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? மொத்த வார்டும் பி.எஸ்சி. படித்தது.

வகுப்புத் தலைவர் சின்னச்சாமி, வாடிப்பட்டித் தேங்காய் வியாபாரி. அவர் சொல்லும் பதில்களில் பாதி தப்பு, ஆனால் அடித்துச் சொல்வார். கேள்வி கேட்டு ரூத்தைப் பரீட்சைக்குத் தயார் செய்ததும் அவர்தான்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறுனா என்னாகும், சொல்லு தாயி."

"இதயத் துடிப்பு தாறுமாறாயிரும்ண்ணே."

"சரி. எளநி ஒண்ணே ஒண்ணு குடிச்சா எம்புட்டு ஏறும்?"

"அந்தக் கேள்வி சிலபஸ்ல இல்லண்ணே. நீங்க குடிக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

(இந்த மனிதர் இவ்வளவு நல்லவராக இருப்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.)

3

சந்தேகம் சரிதான். ரூத் பாஸானால் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இன்சார்ஜ் வேலை. போய்விடுவார். அவர் ஊசி போட்டால் வலியே தெரியாது. அவர் இடத்துக்கு வரப்போகிற இன்னொரு டெக்னீசியன் இம்மானுவேல் தங்கமான மனிதர்தான், ஆனால் குத்திய இடத்திலேயே மறுபடி குத்துவார். வாரம் மூன்று நாள், ஆயுசு முழுக்க. சின்னச்சாமிக்குப் பயம் வந்துவிட்டது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சாமிக்கு இரண்டு வேண்டுதல் வைத்தார்: ரூத் பாஸாகணும். கொஞ்சம் லேட்டாப் பாஸாகணும்.

4

கடைசிப் பரீட்சை. ஆஸ்பத்திரி நெட்தான் நிற்காமல் ஓடும் என்று வார்டை ஒட்டிய கண்ணாடி அறையில் ரூத் லேப்டாப்போடு உட்காரப் போனார். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் எழுந்தால் பரீட்சை ரத்து. வார்டுக்குப் பொறுப்பு இம்மானுவேல்.

"எனக்காக வேண்டிக்கங்கண்ணே."

"வேண்டாம இருப்பனா தாயி? நல்லா எழுது, போ."

* ஒரு குறிப்பு: ஊசி ஏறிய கையை (சின்னச்சாமிக்கு இடது கை) மடக்கினால் மெஷின் கத்தும். கையை நீட்டி, பொத்தானை அமுக்கினால் அடங்கிவிடும். இம்மானுவேலே அமுக்கலாம். ஆனால் மெஷின் கத்தினால் ரூத் எழுந்து ஓடிவந்துவிடுவார். ரூத்தின் கணவர் ஸ்டீபன் சொல்கிறார்: தூக்கத்தில்கூட.

சின்னச்சாமிக்கு இது தெரியும்.

5

முதல் முடிவு: சின்னச்சாமி கையை மடக்கினார். மெஷின் கத்தியது. ரூத் ஓடிவந்து, அவர் கையைப் பிடித்து...

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்போது ரூத்தின் முகத்தை யார் எழுதுவது?

இரண்டாவது முடிவு: மடக்கவில்லை. ரூத் பாஸ், வார்டே கைதட்டியது. சே, ஆன்லைன் படிப்புக்கு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

அதனால் உங்களிடம் விடுகிறேன். ஆனால் சும்மா உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. சின்னச்சாமியின் கட்டிலில் படுத்து, இடது கையை நீட்டி வையுங்கள். முழங்கைக்கு உள்ளே அரிக்கும், பரவாயில்லை. பரீட்சை முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூத் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறார். பிறகு, கேமரா சந்தேகப்படாத அளவுக்கு ஒருமுறை நிமிர்ந்து, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.