பாதத்தில் ஏழு மில்லிமீட்டர்

அந்த அலுவலகத்தில் விரிசல் மேடம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பவரே கொஞ்சம் யோசிப்பார். பழைய கட்டடங்களின் சுவரில் விழுந்த விரிசல் இன்னும் நகர்கிறதா, நகர்ந்து முடிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டிப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வருவாள். அடுத்த மாதம் கண்ணாடி முழுசாக இருந்தால் அது செத்த விரிசல், பூசி மூடிவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. இடையில் வீட்டுச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தினமும் போன்.

"மேடம், நேத்தைவிட இன்னிக்கு நீளமா இருக்கிற மாதிரி தெரியுது."

"தினமும் பாத்தா அப்படித்தாங்க தெரியும். பாக்காதீங்க. மாசம் ஒரு தடவை, அதே நேரத்துல, நானே வந்து பாக்குறேன்."

ஊருக்குத்தானே உபதேசம்! தனக்கென்று வந்தபோது விரிசல் மேடம் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

ஒரு கட்டடத்தில் காலில் ஆணி குத்திவிட்டது. ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. டாக்டர் ஆணி குத்திய இடத்தை ஒரு பார்வையோடு விட்டுவிட்டு, குதிகாலின் ஓரத்தில் இருந்த ஒரு கரும்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. ஊரார் சுவரையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தவள், தன் உள்ளங்காலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆனதோ.

"தோல் டாக்டர் பாக்கணும். அவசரம்னு எழுதித் தரேன். ரெண்டு வாரத்துக்குள்ள பாத்துடுவாங்க."

"என்ன சந்தேகம் டாக்டர்?"

"தோல் புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். இப்படி அனுப்புறதுல பெரும்பாலும் ஒண்ணும் இல்லாமத்தான் போகும்."

பெரும்பாலும் என்றால் எத்தனைக்கு எத்தனை? கேட்டிருக்கலாம். பஸ் ஏறி ரெண்டு நிறுத்தம் தாண்டியபிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட யோசித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கையில் அலுவலகத்து வெர்னியர் அளவுகோல். ஏழு மில்லிமீட்டர். புது நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதினாள். பக்கத்தில் படமும் வரைந்தாள். மேல் ஓரம் நேராக இருந்தது, கீழ் ஓரம் தண்ணீர் பட்ட மை போலக் கலைந்திருந்தது. நடுவில் நல்ல கறுப்பு, ஓரத்தில் பழுப்பு. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. இத்தனை நாள் தன்னோடே நடந்து வந்த ஒன்று, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறதே! அதன் வண்ணம் ஏன் ஒரே மாதிரி இல்லை, வலிக்காமல் எப்படி இருக்கிறது, உள்ளங்காலில் வெயிலே படாதே, அங்கே போய் ஏன் வந்தது? கேள்வி கேட்கும் வரைக்கும் பயம் கிட்டே வரவில்லை. நோட்டை மூடியதும் வந்தது. அதனால் மறுபடி திறந்தாள்.

கணவனிடம் சொல்லவில்லை. அவன் செருப்புக் கடையில் விற்பனையாளன். நல்ல மனுஷன், ஆனால் பயந்தாங்கொள்ளி. அவனுடைய அக்கா புற்றுநோயில் போனதிலிருந்து அந்த வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டான், 'அந்த வியாதி' என்பான். டிவியில் அதுபற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். இவனிடம் சொன்னால் நான் என்னைப் பார்ப்பதா, இவனைப் பார்ப்பதா என்று அவள் நினைத்தாள். அதில் ஒரு நியாயம் இருந்தது, ஒரு சாக்கும் இருந்தது.

ஐந்து நாள் ஏழு, ஏழு, ஏழு என்றே வந்தது. ஆறாம் நாள் விடியுமுன்பே ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பகலெல்லாம் ஏணியிலும் மாடிப்படியிலும் நின்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு குளியலறைக்குள் போனாள்.

ஏழு புள்ளி மூன்று.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஏழு புள்ளி மூன்றுதான். ஐயோ, நகர்கிறதே! அளவுகோல் கை நழுவித் தரையில் விழுந்தது. முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

வெளியே வந்தபோது கணவன் கூடத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்தான். அவளை நடக்கவிட்டு, நாற்காலி வரைக்கும் பார்த்தான்.

"ஒரு வாரமா காலை வெளி ஓரமா ஊனி நடக்குற. செருப்பு கடிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா? கால் பாக்குறது என் பொழப்பு. காட்டு."

அவள் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"முன்னபின்ன தெரியாதவங்க எல்லாம் தினமும் என் மடியில காலைத் தூக்கி வைக்கிறாங்க. கட்டின பொண்டாட்டி காலை மட்டும் நான் பாக்கக் கூடாதா?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. காலை நீட்டினாள், நோட்டையும் நீட்டினாள். கிளினிக்கில் சொன்னதைச் சொன்னாள், ஏழு புள்ளி மூன்றையும் சொன்னாள். அவன் தரையில் உட்கார்ந்து குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினான்.

"இதெல்லாம் எத்தனை மணிக்கு அளந்த?"

"காலையில ஆறு மணிக்கு."

"இன்னிக்கு?"

"இப்பதான்."

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? நாள் முழுக்க நின்ன கால் சாயங்காலம் வீங்காதா? செருப்பு வாங்கணும்னா சாயங்காலமா வாங்கன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நாங்க எதுக்குச் சொல்றோம்? காலையில சரியா இருக்கிற செருப்பு ராத்திரி கடிக்கும். கால் பெருத்தா கால்ல இருக்கிற புள்ளியும்தான் பெருக்கும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வெயிலில் சுவரே விரியும், அதே நேரத்தில்தான் அளக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை வறுத்தெடுப்பவள் அவள். பயம் வந்தால் தொழில் பறந்துபோகும் போலிருக்கிறது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அப்ப ஒண்ணுமில்லையாங்க?"

"அது எனக்குத் தெரியாது," என்றான் அவன். "பெருசாகலைன்னு மட்டும்தான் தெரியும். மத்ததை டாக்டர் சொல்லட்டும்."

எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. அளவுகோலை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான்.

"இது இனிமே கடையில இருக்கட்டும். தினமும் பாக்காதீங்கன்னு ஊருக்கே சொல்ற, நீயும் பாக்காதே. கேள்வி இருந்தா எழுதி வை. சாப்பிட்டதும் அரை மணி நேரம், நானும் கூட உக்காருறேன். அதைத் தாண்டி நோட்டைத் திறக்கக் கூடாது."

முதல் நாள் அரை மணி நேரம் அவளுக்குப் பத்தாமல் போனது. போகப்போக இருபது நிமிஷத்திலேயே கேள்வி தீர்ந்து, இருவரும் டிவி பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. விழித்துப் படுத்தபடியே, காலைத் தொடாமல் கிடப்பாள். அது சுலபமாக இல்லை. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோட்டில் இருபத்திமூன்று கேள்விகள் இருந்தன.

தோல் டாக்டரம்மா ஒரு சின்ன விளக்கு லென்ஸைப் புள்ளிமேல் வைத்ததும் பக்கத்துத் திரையில் அவள் குதிகால் பெரிதாக விரிந்தது. அவள் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்க வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன டாக்டர், உழுத நிலம் மாதிரி?"

"கைரேகை மாதிரி கால்லயும் மேடு பள்ளம் உண்டு. கறுப்பு பள்ளத்துல ஓடுனா பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டுல ஓடுனா யோசிக்கணும்."

"என்னோடது எதுல ஓடுது?"

"நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். மேல்பாதியில் கறுப்பு பள்ளங்களில் ஒழுங்காக ஓடியது. அட, என்ன நேர்த்தி! கீழ்ப்பாதியில் அது மேடேறி, கோடு தப்பியிருந்தது. இருபது வருஷம் விரிசல் பார்த்த கண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியும் அவள் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்கும், மேட்டில் ஏன் ஏறுகிறது, ஒரு வாரத்தில் வளர்ந்தால் தெரியுமா என்று. தோல் சுவர் இல்லை, வெர்னியர் வைத்து ஒரு வாரத்தில் எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல். இருபத்திமூன்றும் முடிந்தன.

அப்போது கதவோரம் நின்ற கணவன் முன்னால் வந்தான்.

"டாக்டர், இது புற்றுநோயா?"

அந்த வார்த்தையை அவன் முழுசாகச் சொன்னான். நோட்டில் இல்லாத ஒரே கேள்வி அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாத்து மட்டும் சொல்ல முடியாது. இருக்கலாம். இன்னிக்கே முழுசா எடுத்துடுறேன். பரிசோதனைக்கு அனுப்பினா பத்து நாள்ல தெரிஞ்சுடும்."

மரத்துப்போக ஊசி போட்டு, வெட்டி எடுத்து, தையல் போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவிலேயே கிடந்தாள். அளப்பதற்கு இனி ஒன்றுமில்லை. நோட்டில் ஒரு வரி ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், அவன் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். அவள் கையில்தான் இருந்தது. மூன்று தடவை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, போனை அவனிடம் நீட்டினாள்.

"நீங்க கேளுங்க. என்னால முடியாது."

அவன் சாப்பிட்ட கையைத் துடைக்கக்கூட இல்லை, இடது கையால் வாங்கிக் காதில் வைத்தான். "சொல்லுங்க டாக்டர்… ஆமா, கணவர்தான் பேசுறேன், அவங்களும் பக்கத்துலதான் இருக்காங்க… சரிங்க… சரிங்க." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பாமல் சொன்னான்.

"புற்றுநோய்தான். ஆனா இப்பதான் தொடங்கியிருக்கு. மேல் தோலோட நின்னுருக்கு, உள்ள இறங்கலை. எடுத்ததுலயே முழுசா வந்துடுச்சாம். சுத்தி இன்னும் கொஞ்சம் எடுக்கணுமாம், அப்புறம் அப்பப்ப வந்து காட்டணுமாம். அவ்வளவுதான் சொல்றாங்க." பிறகு போனை அவள் காதருகே கொண்டுவந்தான். "லைன்ல இருக்காங்க. கேக்கணும்னா கேளு."

அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா, "கேளுங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க," என்றார். ஒரு கேள்வியும் வரவில்லை.

"டாக்டர்," என்றாள், "நான் ரொம்பப் பயந்துட்டேன்."

"தெரியும்மா," என்றார் டாக்டரம்மா.

அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கணவன் எச்சில் கையோடு தரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். டாக்டரம்மா போனை வைக்கவில்லை.